பதினெட்டு அங்குல வளைவு

சுந்தரராஜன் தமது அறுபத்து நான்காவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கல்கத்தா பவானிபூர் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் சுதந்திரம் அடைந்தார். தேசம் அடைந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவர் வீட்டுக்கு வந்துசேரக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர் கூரியர்காரர். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு குட்டி மெட்ரோ ரயில். நாலு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளரிக்காய் நீளம். ஜன்னலுக்கு ஜன்னல் கண்ணாடி. உற்றுப் பார்த்தால் உள்ளே பிடித்துக்கொண்டு நிற்கக் கம்பிகூட இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மது, அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பியிருந்தாள். சற்று நேரத்தில் அவளே போனிலும் வந்தாள்.

"அப்பா, ரயில் வந்துடுத்தா? தண்டவாளம் அனுப்பலை. அதுலே ஏகப்பட்ட வகை இருக்காம், எனக்கு ஒண்ணும் புரியலை. நீயே செலக்ட் பண்ணிக்கோ."

சுந்தரராஜன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மதுவின் நம்பர்தான்.

"என்ன சொன்னே?"

"நீயே செலக்ட் பண்ணிக்கோன்னேன்."

முப்பத்தாறு வருஷ இல்லறத்தில் இந்த வாக்கியத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டில் இருந்த திரைச்சீலை, சோபா, சுவர்க்கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் மனைவி பாகீரதியின் தேர்வு. மூக்குக் கண்ணாடி வாங்கப் போனபோது அவர் ஒரு ஃப்ரேமை ஆசையாக எடுத்தார். அவள் அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டாள். "என் மூஞ்சிக்கு..." என்று இழுத்தார். "உங்க மூஞ்சியை நீங்க எங்கே பார்க்கறேள்? நாள் பூரா பார்க்கறவ நான்னா" என்றாள். இதற்குப் பதில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. கல்யாணப் போட்டோவில் அவருக்கு ஒரு மீசை இருக்கிறது. போட்டோவில் மட்டும் இருக்கிறது.

பாகீரதி கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம். அவள் எப்போதும் சரியாக இருந்தாள். அவள் வாங்கியது எதுவும் கிழிந்ததில்லை, வெளுத்ததில்லை. அவள் போகச் சொன்ன வழியில் டிராஃபிக் இருந்ததில்லை. தப்பு செய்கிறவர்களை எதிர்த்து நிற்கலாம். சரியாகவே செய்கிறவர்களிடம் 'சரி' என்று சொல்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? சுந்தரராஜன் முப்பத்தாறு வருஷமாக 'சரி' என்று சொல்லிவந்தார்.

அன்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று சபதம் எடுத்துக்கொண்டார். ரயில் மகள் கொடுத்தது. அறை மகள் விட்டுவிட்டுப் போனது. ஆனால் தண்டவாளம் என்னுடையது. அதை நான் தேர்ந்தெடுப்பேன். நான் மட்டும்.

மது போனதிலிருந்து அவள் அறையில் அசைகிற பொருள் என்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை பாகீரதி கதவைத் திறந்து பெருக்கிவிட்டு மூடுவாள். அங்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் சுரங்க ரயில் விடுவது என்று சுந்தரராஜன் தீர்மானித்தார். சுரங்கம் இல்லாமல் என்ன மெட்ரோ? இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்காக ஜதின் தாஸ் பார்க்கிலிருந்து எஸ்பிளனேடு வரை முப்பது வருஷம் பூமிக்கடியில் போய்வந்தவர் அவர். ரயில் வருவதற்கு முன்னால் சுரங்கத்திலிருந்து ஒரு காற்று வந்து முகத்தில் மோதும். அப்புறம்தான் வெளிச்சம். அதற்கும் அப்புறம்தான் ரயில். வரப்போகிற ஒன்று முதலில் காற்றாக வந்து சொல்லிவிட்டுப் போகிறது என்பது அவருக்கு முப்பது வருஷமும் தீராத அதிசயமாக இருந்தது. இதை ஒருநாள் பாகீரதியிடம் சொன்னார். "அதனாலதான் உங்க தலைமயிர் தினம் கலைஞ்சிருக்கா?" என்று சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தண்டவாள சாஸ்திரம் படித்தார். அதில் இரண்டு மதங்கள் இருந்தன. ஒன்று, துண்டுத் தண்டவாளம். நேர்த் துண்டு, வளைவுத் துண்டு என்று அளவாக வரும். குழந்தைகள் விளையாட்டுச் சாமான்போல ஒன்றோடொன்று செருகிக்கொண்டே போகலாம். பதினெட்டு அங்குல வளைவு என்றால் பதினெட்டுதான். பத்தொன்பது கேட்டால் கிடைக்காது. இன்னொன்று, வளைகிற தண்டவாளம். ஒரு மீட்டர் நீளத்தில் வரும். நாம் வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். ஆனால் கையை எடுத்தால் மறுபடி நேராகிவிடும். இடையிடையே ஆணி அடித்து வைத்தால்தான் வளைந்த இடத்தில் வளைந்தபடி இருக்கும். படத்தில் அதைப் பார்த்ததும் சுந்தரராஜனுக்கு இனம்புரியாத ஒரு பாசம் ஏற்பட்டது.

ஆனால் அடிப்படைப் பிரச்சினை தண்டவாளம் இல்லை. பாகீரதி.

அவளிடம் கேட்காமல் செய்தால், அவளே வந்து நின்று, ஒரு நிமிஷம் பார்த்து, சரியான பதிலைச் சொல்லிவிடுவாள். அப்புறம் அவரால் 'சரி' சொல்லாமல் இருக்க முடியாது. கேட்டுச் செய்தாலும் அவள் முடிவுதான். ஹூக்ளிக்கு அடியில் சுரங்கம் போட்ட என்ஜினீயர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். அந்த நதிக்கும் பாகீரதி என்று ஒரு பெயர் உண்டு என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்களாவது அரசாங்க அனுமதி வாங்கிக்கொண்டு தோண்டினார்கள். இவர் அனுமதி இல்லாமல் தோண்டவேண்டியிருந்தது.

இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் திட்டம் பிறந்தது. எளிமையான திட்டம். மற்ற எல்லாவற்றையும் பாகீரதியிடம் கேட்பது. அவள் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது. தண்டவாளத்தை மட்டும் கேட்கவே கேட்காமல் இருப்பது.

முதலில் ஒத்திகை பார்த்தார்.

"பாகீ, இன்னிக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?"

"நீலம்."

வெள்ளையைப் போட்டுக்கொண்டார்.

"லேக் மார்க்கெட் போறேன். கத்தரிக்காயா, பாகற்காயா?"

"கத்தரிக்காய்."

பாகற்காய் வாங்கிவந்தார். பாகற்காய் அவருக்குப் பிடிக்காது, பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. ஆனாலும் தட்டில் போட்டதை ஒன்றுவிடாமல் தின்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறைச்சாப்பாடு சாப்பிட்டவர்கள் இல்லையா? மறுநாளும் பாகற்காய். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் பையோடு அவர் உள்ளே நுழைந்தபோது பாகீரதி அடுப்பிலிருந்து திரும்பி அவரை ஒரு கணம் பார்த்தாள். எண்ணெயில் கடுகு வெடித்தது.

ஐந்தாம் நாள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஏன்னா, இன்னிக்கும் பாகற்காயே வாங்கிண்டு வாங்கோ. எனக்கு அதுமேலே ஒரே ஆசையா இருக்கு."

சுந்தரராஜன் மனத்துக்குள் சிரித்துக்கொண்டே போய், பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கிவந்தார். அடுக்களையில் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு வேண்டிய பொடி வறுத்து அரைத்துத் தயாராக இருந்தது. வீடு முழுக்கத் தனியா வாசனை. இரண்டு கரண்டி சாதம் அதிகமாகவே சாப்பிட்டார். தமது திட்டம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. பாகற்காய்க்கு எதற்குத் தனியா வறுக்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தார்.

"பாகீ, ரயிலுக்குப் பலகை போடணும். ஒரே பலகையாப் போடட்டுமா, ரெண்டாப் பிரிச்சுப் போடட்டுமா?"

"ஒரே பலகையாப் போடுங்கோ. கட்டில் மாதிரி திடமா ஒரு இடத்துல கிடக்கட்டும்."

நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தார்.

"உசரம்?"

"மார் உசரம் வையுங்கோ. குனிஞ்சா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

முழங்கால் உயரத்தில் வைத்தார். இடுப்பு வலித்தது. அந்த வலியிலும் ஒரு கம்பீரம் இருந்தது.

"காலுக்குச் சக்கரம் வைக்கலாமான்னு பார்க்கறேன்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம். ஓடிப்போய் எதிலாவது முட்டிக்கும்."

எட்டுச் சக்கரம் வைத்தார்.

"சுரங்கத்துக்கு மேலே?"

பாகீரதி கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மலை வைங்கோ. பச்சைப்பசேல்னு. நன்னா ஒட்டிடுங்கோ, எடுக்கவே வராம."

கல்கத்தாவில் எங்கே இருக்கிறது மலை? சுந்தரராஜனுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக அவள் ஒரு தப்பான யோசனை சொல்லிவிட்டாள்! சுரங்கத்தின்மேல் மலையும் வைக்கவில்லை, மரமும் வைக்கவில்லை. மொட்டைத் தட்டையாக ஒரு கறுப்புப் பலகையால் மூடினார். எடுக்கவும் மூடவும் வசதியாக.

இப்படியே ஒரு மாதம். பாகீரதி சொல்லச் சொல்ல, அவர் மாற்றி மாற்றிச் செய்தார். அவள் ஒருநாளாவது கோபித்துக்கொள்ளவேண்டுமே! "என்னமோ போங்கோ, என் பேச்சை யார் கேக்கறா?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் காபி கலக்கப் போனாள். அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போதெல்லாம் சுந்தரராஜனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வெற்றி பெற்றவர்களுக்கு இந்தச் சங்கடம் உண்டு.

தண்டவாள விஷயத்தில் மட்டும் அவர் ஆலோசனை கேட்டது ஏழுமலையிடம். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளம் பார்த்து ஓய்வுபெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்குகிற இடத்தில் பழக்கம். சனிக்கிழமை தோறும் ஹூக்ளிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருவார். ஒரு சனிக்கிழமை சுந்தரராஜன் காய்கறியோடு வீடு திரும்பியபோது, ஏழுமலை ஏற்கெனவே வந்து, இரண்டு தோசை முடித்து, மூன்றாவதுக்குக் காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து இன்ச் டேப்பின் நுனி எட்டிப்பார்த்தது. ரயில்வேக்காரர்கள் கையோடு டேப் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று சுந்தரராஜன் நினைத்துக்கொண்டார்.

மதுவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"துண்டா, வளையறதா? நீங்க என்ன சொல்றேள்?"

"சார், நான் ஒண்ணு கேக்குறேன். வண்டி எங்க கவுறும்?"

"எங்கே?"

"ஜாயிண்ட்ல கவுறும். ரெண்டு தண்டவாளம் சேர்ற எடத்துல. வெளியில கவுந்தா கையால தூக்கி வெப்பீங்க. சுரங்கத்துக்குள்ள கவுந்தா?"

"கவிழ்ந்தா?"

"குப்புறப் படுத்துக்கிட்டுத் தேடணும். பல்லி முட்டை எல்லாம் கைல வரும்."

சுந்தரராஜன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதனால, கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் சார் ஒசத்தியான தண்டவாளம் போடணும். வெளியில இருக்கறத நீங்க பாத்துக்குவீங்க. உள்ள இருக்கறது தன்னத் தானே பாத்துக்கணும். சுரங்கத்துக்குள்ள ஜாயிண்டே வேணாம். நீளமா வளையற வகை வாங்குங்க."

இந்தப் பேச்சு சுந்தரராஜனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தண்டவாளத்துக்கு மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை.

"சரி. வளைவு இருபத்திரண்டு அங்குலம் வைக்கலாம்னு இருக்கேன். பெரிய வளைவா இருந்தா ரயில் சுகமா திரும்பும்."

"பதினெட்டு போதும் சார்."

"ஏன்? இடம்தான் இருக்கே?"

ஏழுமலை மேலே ஃபேனைப் பார்த்தார். இருமினார். "பதினெட்டு நல்ல நம்பர் சார். சாமிக்கே பதினெட்டுப் படிதானே?"

தெய்வ சம்பந்தமான காரணத்தை எதிர்த்துப் பேசுவது சரியில்லை என்று சுந்தரராஜன் விட்டுவிட்டார். ஏழுமலை பென்சிலால் படம் போட்டார். ஒன்பதடி நீளத்துக்கு, முட்டையை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வட்டம். முன்பக்கத்து நேர்க்கோட்டில் மட்டும், நட்ட நடுவே, தண்டவாளம் திடீரென்று உள்ளே ஒதுங்கி, மறுபடி வெளியே வந்தது. அந்த இடத்தில் பலகையின் ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு.

"நேராப் போற லைன் எதுக்கு இப்படி ஒதுங்கறது?"

"நேராவே போனா பாக்க லட்சணமா இருக்காது சார்."

"இந்த வெட்டு?"

"அது... வயர் போறதுக்கு."

வயர் அந்தப் பக்கமே இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷ அனுபவம் சொல்கிறது. மேலும், அறைக்கு வெளியே பாகீரதி போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள், கவனம் கலைந்தது. "போன வருஷம் பாலிகஞ்ச் சாவித்திரி ரோப்வே விட்டாளே! ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் பிள்ளையார் தொங்கிண்டே போனார். குரூப் பூரா மூணு நாள் அதே பேச்சு. நான் என்ன பண்றது, என்கிட்டே வெறும் பொம்மைதான் இருக்கு..." சுந்தரராஜன் எழுந்து கதவை இன்னும் அழுத்திச் சாத்தினார். தாமே முடிவெடுக்கிற வேளையில் பெண்கள் பேச்சு காதில் விழக் கூடாது.

தண்டவாளம் வந்தது. கறுப்புக் கட்டைகள்மேல் மின்னுகிற இரண்டு கோடுகள். அதை வளைத்து, பிடித்து, ஆணி அடித்து, சுரங்கத்துக்குள் போகிற இடத்தில் ஈயத்தால் பற்றவைத்து ஒரே நீளமாக்கிப் பதித்தார். எத்தனையோ மத்தியானங்கள் அந்த அறையில் அவரும் தண்டவாளமும்தான். ஃபேன் சுற்றியது. பூட்டிக் கிடந்த அறைக்கு மறுபடி ஒரு மூச்சு வந்த மாதிரி இருந்தது. சில நாள் பாகீரதி காபியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, மதுவின் பழைய நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எதுவும் சொல்லமாட்டாள். சொன்னால் மாற்றிச் செய்யலாம் என்று அவர் காத்திருப்பார்.

ரயில் முதன்முதல் ஓடிய அன்று சுந்தரராஜன் தரையில் உட்கார்ந்து பார்த்தார். ரயில் சுரங்கத்துக்குள் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு எண்ணும்வரை ஒன்றும் இல்லை. வெறும் சத்தம். எட்டாவதில் மறுபக்கத்திலிருந்து ஒரு விளக்கு வெளியே வந்தது. கவிழவில்லை; தடுமாறக்கூட இல்லை. அந்த ஏழு எண்ணிக்கையும் தம்முடையது என்று அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல் தாமே தேர்ந்தெடுத்த ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆனந்தம் மஹாளய அமாவாசை வரை நீடித்தது.

அன்று காலை தர்ப்பணம் முடித்து, வாழைக்காய்க் கறியும் பாயசமுமாகச் சாப்பிட்டு, சுந்தரராஜன் சற்றுக் கண்ணயர்ந்தார். எழுப்பியது ஒரு கடகட சத்தம். சக்கரச் சத்தம். எழுந்து மதுவின் அறைக்குப் போனார்.

அறையில் மெட்ரோ இல்லை.

கல்கத்தாவில் எதுவும் காணாமல் போகலாம். குடை போகலாம், செருப்பு போகலாம். ஒரு சுரங்கப்பாதை காணாமல் போவது என்பது புதிது. பதறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார்.

ஹாலில் கொலுப்படி நின்றது. ஏழு படி, ஐந்தடி அகலம், மடக்குகிற இரும்புப் படி. மேலே வெள்ளை வேஷ்டி விரித்தாகிவிட்டது. அதன் அடியில், இடது பக்கம் நுழைந்து வலது பக்கம் வெளியே வந்து, அவருடைய மெட்ரோ இருந்தது. கதவு வழியே வருவதற்காக இரண்டாகப் பிரிந்து, சக்கரத்தில் உருண்டு வந்து, மறுபடி சேர்ந்திருந்தது. முழங்கால் உயரத்தில் இருந்ததால் மேல்படிகளுக்குக் கீழே தலை இடிக்காமல் போயிருந்தது. சுரங்கத்தின் தட்டைக் கூரைமேல் படிகள் மண்மாதிரி அமர்ந்திருந்தன. பதினெட்டு அங்குல வளைவு, படியின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, உறைக்குள் கத்திபோலப் பொருந்தியிருந்தது. இருபத்திரண்டாக இருந்தால் இடித்திருக்கும். ஒரு வருஷம் கல் பிள்ளையாரின் பாரம் தாங்காமல் படி வளைந்துவிட்டது என்று முன்னால் நடுவில் ஒரு கூடுதல் கால் பற்றவைத்திருந்தார்கள். பலகையின் வெட்டு சரியாக அந்தக் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. தண்டவாளம் அதற்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டுப் போயிற்று.

ஏழுமலை தரையில் உட்கார்ந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாகீரதி மரப்பாச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றார் சுந்தரராஜன்.

"கொலு."

"அது தெரியறது. அடியிலே?"

"மெட்ரோ."

"நீதானே ஒரே பலகையாப் போடச் சொன்னே?"

"சொன்னேன்."

"சக்கரம் வேண்டாம்னே?"

"வேண்டாம்னேன்."

"மார் உசரம்னே! மலையை வெச்சு ஒட்டுன்னே!"

"எத்தனை தடவை சொன்னேன்! நீங்கதான் கேக்கலையே" என்றாள் பாகீரதி, உண்மையாகவே வருத்தப்படுகிறவள் மாதிரி.

சுந்தரராஜன் சோபாவில் உட்கார்ந்தார். அவள் தேர்ந்தெடுத்த சோபா. நன்றாகத் தாங்கியது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"பாகற்காய் அன்னிக்கே. பிறந்ததுலேர்ந்து தொடாத காயை ஒரு மனுஷன் நாலு நாள் சேர்ந்தாப்போல வாங்கிண்டு வந்தா, ஒண்ணு டாக்டர் சொல்லியிருக்கணும், இல்லேன்னா ஏதோ திட்டம் போட்டிருக்கணும். டாக்டர்கிட்டே நீங்க போகலை."

சுந்தரராஜன் ஒரு நினைவு வந்து நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஆனா தண்டவாளம்! அதை நான் உன்கிட்டே கேக்கவே இல்லை. அதுல உன் பாச்சா பலிக்கலை. அது நானும் ஏழுமலையுமா சேர்ந்து பண்ணின முடிவு."

ஏழுமலைக்குச் செட்டியார் பொம்மையின்மேல் திடீரென்று நிறையத் தூசு தெரிந்தது. ஊதி ஊதித் துடைத்தார்.

"ஏழுமலை?"

"சார், மாமி டேப்பைக் கைல குடுத்தாங்க. பரண்லேர்ந்து படியை எறக்கி அளந்தேன். அளவு என்ன சொல்லுச்சோ அதத்தான் உங்ககிட்ட சொன்னேன். தொழில்ல பொய் சொல்ல மாட்டேன் சார்."

"நல்ல நம்பர்னீரே ஐயா!"

"நல்ல நம்பர்தான் சார். ரெண்டு பக்கமும் ஒரு வெரக்கடை எடம் மிச்சம்கூட இருக்கு."

சுந்தரராஜன் தம் சுதந்திரத்தைப் பார்த்தார். அது கொலுப்படிக்கு அடியில் மிகப் பொருத்தமாக இருந்தது.

"சாவித்திரி கொலுவிலே விட்ட ரோப்வேக்குப் போட்டியா மெட்ரோ வேணும்னா என்கிட்டே நேராவே கேட்டிருக்கலாமே, பாகீ? நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

பாகீரதி மரப்பாச்சியை மேல்படியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டா 'சரி'ன்னிருப்பேள். முப்பத்தாறு வருஷமா அதானே சொல்றேள்? நீங்க 'சரி' சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சுன்னா. இந்த ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் என்னை ஜெயிச்சுட்டு வந்து சாப்பாட்டுல உக்காருவேளே, அப்போ உங்க மூஞ்சியை நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன். மது பிறந்த அன்னிக்கு அப்படி இருந்தேள்."

ஏழுமலை எழுந்து, ஸ்விட்சைப் போட்டார். ரயில் கிளம்பியது. கொலுப்படியின் நிழலுக்குள் நுழைந்து மறைந்தது. வேஷ்டிக்கு அடியில், பொம்மைகளுக்கு அடியில், எங்கோ ஒரு சத்தம் நகர்ந்துபோயிற்று.

"இத்தனை வருஷம் இந்தப் படிக்கு அடியிலே காலி அட்டைப்பெட்டிதான் இருந்தது" என்றாள் பாகீரதி மெதுவாக. "இப்போ உள்ளே யாரோ ஊருக்குப் போயிண்டு வந்துண்டிருக்கா மாதிரி இருக்கு."

வலது பக்கத்தில் விளக்கு வெளியே வந்தது. சுந்தரராஜனுக்குச் 'சரி' என்ற ஒரு வார்த்தைதான் வாய்க்கு வந்தது; அதையும் இன்று சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

நவராத்திரி ஒன்பது நாளும் அந்த ஃப்ளாட்டில் கால் வைக்க இடமில்லை. தெருவில் பூஜா பந்தல் பார்க்க வந்தவர்கள்கூட விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார்கள். குழந்தைகள் தரையில் கவிழ்ந்து படுத்து, ரயில் மறையும்போதெல்லாம் ஒரே குரலில் எண்ணினார்கள். கீழ்வீட்டு முகர்ஜி பாபு, "தாருண், தாதா, தாருண்!" என்று வங்காளியில் இரண்டு தடவை பிரமாதம் சொல்லி, சுந்தரராஜனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுந்தரராஜன் பட்டு அங்கவஸ்திரத்தோடு படியின் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சுரங்கத்தில் ஏன் ஜாயிண்ட் இருக்கக் கூடாது என்று விளக்கினார். வாய் நிறையச் சுண்டலோடு எல்லாரும் தலையாட்டினார்கள். முப்பது வருஷ ஆபீஸில்கூட அவர் பேச்சை இத்தனை பேர் கேட்டதில்லை. பாகீரதியின் வாட்ஸாப் குரூப்பில் ரோப்வே பற்றிய பேச்சே இல்லை.

சரஸ்வதி பூஜை அன்று சாவித்திரி மாமியே பாலிகஞ்சிலிருந்து நேரில் வந்தாள். ரயில் மூன்று சுற்றுச் சுற்றும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு, "மாமா, இந்தத் தண்டவாளம், சுரங்கம் எல்லாம் நீங்களே செலக்ட் பண்ணினதா?" என்று கேட்டாள்.

சுந்தரராஜன் பதில் சொல்வதற்குள் பாகீரதி வெற்றிலைத்தட்டோடு வந்துவிட்டாள். "எல்லாம் அவரேதான், சாவித்திரி. நான் சொன்னது ஒண்ணைக்கூட அவர் காதுலே போட்டுக்கலை."

கூடியிருந்த மாமிகள் அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்கள். இரண்டொருவர் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ அடுத்த வருஷம் என்ன பண்ணப் போறேள், மாமா? இப்பவே சொல்லிடுங்கோ. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றாள் சாவித்திரி.

"அதையும் அவர்தான் முடிவு பண்ணுவார். இந்த மாதிரி விஷயத்துலே நான் தலையிடறதே இல்லை" என்றாள் பாகீரதி.

ஹால் முழுவதும் சுந்தரராஜன் பக்கம் திரும்பியது. அவர் கனைத்துக்கொண்டார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு மனைவியின் பக்கம் லேசாகச் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன், பாகீ?"